இல்லுகி வெட்டித் திருப்பிய ஆக்சில்

இல்லுகி இறந்தபோது நாளிதழில் அவனுக்கு நினைவுக் கட்டுரை எழுதியவர்கள் மூன்றே பேர். எங்கள் பக்கத்தில், வாழ்நாள் முழுக்க ஆடு எண்ணியதைத் தவிர வேறொன்றும் செய்யாத கிழவன் செத்தால்கூடப் பத்துப் பேர் எழுதுவார்கள். இல்லுகிக்கு எழுதியது அவன் அக்கா மகள், தேவாலயப் பாடகர் குழுவின் தலைவர், மீன்பிடிக் கப்பலில் அவனோடு வேலை பார்த்த ஒருவர். மூவரும் ‘அமைதியானவர்’ என்று எழுதியிருந்தார்கள். அமைதியானவர்தான். ஏன் அமைதியானார் என்று எழுத வேண்டியவன் நான். அன்றைக்கு நான் எழுதவில்லை. இப்போது இந்த மாவட்ட ஆண்டு மலருக்கு எழுதுகிறேன். ஆறு குளிர்காலம் மட்டும் பள்ளிக்கூடம் போனவன். எழுத்துப்பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்ளட்டும். சங்கதியில் கை வைக்கக் கூடாது.

என்னைத் தெரியாதவர் இந்த மாவட்டத்தில் கிடையாது. இருந்தாலும் சொல்கிறேன். ஹாவர்த், பட்டறைக்காரன். என் அப்பா எனக்கு விட்டுப்போனது ஒரு கிழட்டுக் குதிரையும் அவருடைய இருமலும்தான். காலியான மாட்டுக்கொட்டகை ஒன்றில், ஒரே ஒரு காஸ் சிலிண்டரை வைத்துக்கொண்டு பட்டறை ஆரம்பித்தேன். பத்தே வருடத்தில் எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுத்தேன். தலைநகரத்திலிருந்து படித்த பொறியாளர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து என் பட்டறைத் தரையில் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் பார்க்க வந்தது ஒரே வேலையை. ஜீப்பின் முன் ஆக்சிலை, அதாவது முன் சக்கரங்களைத் தாங்கும் அச்சை, வெட்டித் திருப்பும் வேலை.

பனியாற்றின் மேல் வண்டி ஓட்ட வேண்டுமென்றால் பெரிய டயர் வேண்டும். பெரிய டயர் போட வண்டியைத் தூக்க வேண்டும். தூக்கினால் முன் ஆக்சில் தன் இடத்திலேயே உருண்டுவிடும். அங்கேதான் வில்லங்கம். சைக்கிளின் முன் கவையைப் பாருங்கள், பின்னோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருப்பதால்தான் கையை விட்டாலும் சைக்கிள் நேராக ஓடுகிறது. ஜீப்பிலும் சக்கரத்தைத் திருப்பும் முட்டிக்கு அதே சாய்வு வேண்டும். ஆக்சில் உருண்டால் சாய்வு போய்விடும். வண்டி தலையை ஆட்டும், ஸ்டியரிங் கையை முறுக்கும். சரி, ஆக்சிலைப் பழையபடி உருட்டிச் சாய்வைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றால், அதன் நடுவில் பல்சக்கரங்கள் இருக்கும் குண்டின் மூக்கு தரையைப் பார்த்துவிடும். கியர் பெட்டியிலிருந்து வரும் சுழல் தண்டு கோணலாகி, கடகடவென்று அடித்து, ஒருநாள் முறியும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். இரண்டையும் சரிசெய்ய ஒரே வழிதான் உண்டு. ஆக்சில் குழாயின் இரண்டு முனையிலும் முட்டியைப் பிடித்திருக்கும் வெல்டிங்கை வெட்டி, முட்டியை மட்டும் சில டிகிரி திருப்பி, மறுபடி வெல்டிங் வைக்க வேண்டும். மூக்கு மேலே பார்க்கும், முட்டி பின்னே சாயும். எங்கள் மாவட்டத்தில் இதை முதலில் செய்தவன் நான். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

யோசனை என்னுடையது, கை இல்லுகியுடையது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பனியாற்றின் அடிவாரத்துப் பண்ணை ஒன்றில் ஏழாவது பிள்ளையாகப் பிறந்தவன் இல்லுகி. பதினாறு வயதில் கப்பலேறி எஞ்சின் அறைக்குப் போனான். இழுவை எந்திரம் அவன் இடது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. மிச்சம் எட்டு விரலை வைத்துக்கொண்டு அவன் போட்ட வெல்டிங்கைப் பத்து விரல் உள்ளவன் எவனும் போட்டு நான் பார்த்ததில்லை. என்னிடம் வேலை கேட்டு வந்த அன்று, “விரல் எங்கேப்பா?” என்றேன். “கடல்ல கிடக்கு. வேணும்னா போய் எடுத்துக்க” என்றான். அன்றைக்கே வேலை கொடுத்தேன்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வாரம் இரண்டு நாள் தேவாலயத்தில் அடிக்குரல் பாடுவான். மதியச் சாப்பாடு எப்போதும் காய்ந்த மீனும் வெண்ணெயும்தான். பிறத்தியார் வெல்டிங்கைப் பற்றி மட்டும்தான் அவன் கெட்ட வார்த்தை பேசுவான். முதல் ஏழு வருடத்தில் அவன் வெட்டித் திருப்பியது நாற்பது ஆக்சில். ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.

அவன் முறை ஒன்று இருந்தது. சூடான வெல்டிங் சட்டென்று ஆறக் கூடாது. எங்கள் குளிரில் கதவைத் திறந்தாலே ஆறிவிடும், ஆறினால் உள்ளுக்குள் விரிசல் விடும். அதனால் பட்டறையில் ஆள் நீளத்துக்கு ஒரு மரப்பெட்டி வைத்திருந்தோம். அது நிறைய எரிமலை நுரைக்கல், பட்டாணி அளவில். வெல்டிங் முடிந்த ஆக்சிலை அதில் புதைத்து, மேலே கம்பளி போட்டு மூடினால் மறுநாள் மதியம்கூடக் கை வைக்க முடியாது. அவ்வளவு மெதுவாக ஆறும். ஆனால் நுரைக்கல் எலும்புவரை காய்ந்திருக்க வேண்டும். அது தண்ணீரை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெளியே காய்ந்த மாதிரி நடிக்கும் கல். புதிதாகக் கொண்டுவந்தால் இல்லுகி இரும்புத் தட்டில் கொட்டித் தீயில் வறுப்பான். வறுத்துவிட்டு ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை மேலே பிடிப்பான். கண்ணாடி மங்கினால் மறுபடி வறுப்பான். ஒரு பெட்டி நுரைக்கல்லுக்கு அரை நாள் ஆகும்.

தொண்ணூற்று மூன்றாம் வருடம் அக்டோபர். எங்கள் ஊர் மீட்புக் குழு ஒரு ஜீப்பை வாங்கித் தூக்கி, பெரிய டயரும் போட்டிருந்தது. அதை ஓட்டுபவன் எய்விந்த், எங்கள் ஊர்த் தபால்காரன். பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு இறங்கினான்.

“ஏப்பா ஹாவர்த், இதை ஏதாவது செய். அறுபதைத் தாண்டினா கிழட்டு நாய் மாதிரி தலையை ஆட்டுது.”

“அறுபதைத் தாண்டாதே.”

“அப்ப தபாலை உங்க தாத்தாவா கொண்டுபோய்க் குடுப்பாரு?”

இல்லுகி அதற்குள் வண்டிக்கு அடியில் போய்விட்டான். அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது. “ஒம்பது டிகிரி.”

“நல்லதா கெட்டதா?” என்றான் எய்விந்த்.

“உனக்குக் கெட்டது. எனக்கு வேலை.”

பதினைந்தாம் தேதி வெண்கவுதாரி வேட்டை தொடங்குகிறது. வேட்டை தொடங்கினால் எவனாவது மலையில் வழி தவறுவான், மீட்புக் குழுவுக்கு வண்டி வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாக நான் வாக்குக் கொடுத்தேன். என் வாக்கு தவறியதில்லை என்று ஊரே சொல்லும்.

அந்த வாரம் பெட்டியில் இருந்த நுரைக்கல்லில் யாரோ பழைய எண்ணெய் டப்பாவைக் கவிழ்த்திருந்தார்கள். நான் அதைக் கொட்டிவிட்டு, இழுவண்டியோடு நுரைக்கல் தோண்டும் குழிக்குப் போய்ப் புதிதாக அள்ளிவந்தேன். மூன்று நாள் மழை பெய்து ஓய்ந்திருந்தது. அள்ளியதை ஒரு ராத்திரி பட்டறையின் வெந்நீர்க் குழாய் ஓடும் தரையில் பரப்பிவைத்தேன். காலையில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று இருந்தது. வறுக்கவில்லை. அரை நாள் போய்விடும், போனால் வெள்ளிக்கிழமை தவறும்.

மதியம் இல்லுகி முகமூடியை மாட்டும் முன் கேட்டான், “காய வெச்சியா?”

“ராத்திரி பூரா சூட்டுத் தரையில கிடந்துச்சு.”

“கண்ணாடி பிடிச்சுப் பாத்தியா?”

எய்விந்த் பக்கத்தில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தான். என் சொந்தப் பட்டறையில், வாடிக்கையாளன் முன்னால், என்னிடம் வேலை பார்ப்பவன் என்னைப் பரீட்சை வைக்கிறான் என்று எனக்குச் சுருக்கென்றது.

“பாத்தேன்” என்றேன்.

பொய். வேறெந்த வார்த்தையையும் அதற்குப் போட்டுப் பார்த்தாயிற்று, பொருந்தவில்லை.

இல்லுகி தலையாட்டினான். இரண்டு முனையையும் தீ வைத்துச் சூடாக்கினான். தண்ணீர்ச் சொட்டு விட்டால் உருண்டு ஓடும் சூடு. பிறகு வெல்டிங் வைத்தான். ஒரு மணி நேரம் ஆயிற்று. முடிந்ததும் நாலு பேர் பிடித்துப் பெட்டிக்குள் இறக்கினோம். அவன் கை கழுவப் போனான். நான் மண்வெட்டியால் நுரைக்கல்லை அள்ளி மூடினேன். இடது முனைப் பக்கம் நூல் மாதிரி ஆவி எழுந்தது. பிறகு வலது பக்கமும். கண்ணால் பார்த்தேன். கம்பளியைப் போட்டு மூடிவிட்டு மூடிமேல் உட்கார்ந்துகொண்டேன். இத்தனை வருடம் இரும்போடு இருந்தவன், இவ்வளவு ஆவிக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் இல்லுகி மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சுண்ணாம்பு பூசிப் பார்த்தான். விரிசல் இருந்தால் சுண்ணாம்பில் கோடு விழும். விழவில்லை. வெளியே விரிசல் இல்லை. அது உள்ளே, வெல்டிங்கின் அடிவேரில் இருந்தது.

வெள்ளிக்கிழமை வண்டி போனது. எய்விந்த் ஊரைச் சுற்றிவிட்டு வந்து, ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். “பாருங்கடா, தானாப் போகுது! இனிமே நான் பின்னாடி படுத்துத் தூங்கலாம்.”

அந்தப் பேச்சே பிற்பாடு அவன் பெயருக்கு எமனானது.

டிசம்பர் முதல் வாரம் வேட்டைக்காரன் ஒருவனைக் காணோம் என்று அழைப்பு வந்தது. எய்விந்த் தனியாக, மேலே இருந்த குழுவுக்குச் சூப்பும் டீசலும் கொண்டுபோனான். பகல் பதினொன்றரை. அப்போதுதான் வெளிச்சம் வந்திருந்தது. மலைப்பாதையின் வளைவில் வண்டி திரும்பாமல் நேரே போய்ப் பள்ளத்தில் விழுந்தது. நாற்பது மீட்டர் ஆழம். அவனைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். அதைப் பற்றி எழுத மாட்டேன். காணாமல் போன வேட்டைக்காரனோ அந்த நேரத்தில் தன் சித்தி வீட்டில் புகையூட்டிய ஆட்டுக்கறி தின்றுகொண்டிருந்தான். யாருக்கும் சொல்லத் தோன்றவில்லையாம்.

எய்விந்த் வேகமாக ஓட்டுபவன் என்பது ஊரறிந்தது. அதற்கு முந்தைய தோரி விருந்தில் அவனை வைத்தே நாடகம் போட்டார்கள். எங்கள் ஊரில் ஒவ்வொரு குளிர்காலமும் தோரி மாதத்தில் எல்லோரும் கூடத்தில் கூடித் தின்று குடித்து, அந்த வருடம் யார் என்ன கோமாளித்தனம் செய்தார்களோ அதை மேடையில் நடித்துக் காட்டிச் சிரிப்போம். தபால்தொப்பி போட்ட ஒருவன் முதுகில் கோழிச் சிறகைக் கட்டிக்கொண்டு மேடையைக் குறுக்கே பறந்தான். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவன் எய்விந்த்தான். இப்போது அந்தச் சிரிப்பே தீர்ப்பாகிவிட்டது.

“சிறகு முளைச்சவன், பறந்துட்டான்.”

“தூங்கிருப்பான். பின்னாடி படுத்துத் தூங்குவேன்னு அவனே சொன்னானே.”

“குழு வண்டி அது. நம்ம எல்லாரும் சேர்ந்து வாங்குனது.”

கடையில் ரொட்டி வாங்க நின்ற அவன் மனைவி ரன்வெய்க்கின் காதுபடவே பேசினார்கள். அவள் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். திரும்பிப் பார்க்காமல் ரொட்டியை வாங்கிக்கொண்டு போனாள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கடையிலேயே நின்றிருந்த எனக்கு அதைக் கேள்விப்பட்டதாக எழுத உரிமையில்லை. பார்த்தேன்.

வண்டியை மேலே இழுத்து என் பட்டறை முற்றத்தில் போட்டு, தார்ப்பாயால் மூடினார்கள். இடது முட்டி வெல்டிங்கோடு பிய்ந்து போயிருந்தது. நாற்பது மீட்டர் உருண்டால் எதுதான் பிய்யாது என்று காப்பீட்டுக்காரர் எழுதிக்கொண்டு போனார்.

இல்லுகிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. விபத்து நடந்த மறுநாளே அந்த வளைவுக்கு நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

“விளிம்புக்குப் பத்து மீட்டர் முன்னாடியே உறைஞ்ச சரளையில ஒரு கீறல் இருக்கு ஹாவர்த். ஏர் பிடிச்ச மாதிரி. இரும்பு இழுத்த கீறல்.”

“விழுந்தப்ப ஆயிருக்கும்.”

“விழுறதுக்குப் பத்து மீட்டர் முன்னாடி எப்படிய்யா விழுந்தப்ப ஆகும்?”

காவல் அதிகாரியிடமும் சொல்லிப் பார்த்தான். அவர் போய்ப் பார்ப்பதற்குள் பனி பெய்து மூடிவிட்டது.

“விடு இல்லுகி” என்றேன். “பாத்து என்ன ஆகப்போகுது? செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா?”

“அவன் வர மாட்டான். அவ தினமும் கடைக்கு வர்றாளே.”

ஜனவரியில், பழைய இரும்பு ஏற்றும் லாரியை வரச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. ஏன் வரச் சொன்னேன் என்று படிப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

திங்கட்கிழமை உதிரிபாகம் வாங்க டவுனுக்குப் போய்விட்டுப் பிற்பகலில் திரும்பினேன். இல்லுகி மேசையருகே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஆக்சிலின் வலது முனை, நீளவாட்டில் இரண்டாக அறுத்து, மெருகேற்றி வைக்கப்பட்டிருந்தது. இடது பக்க உடைவு துருவும் சேறுமாக எதையும் சொல்லாது. ஆனால் வலது பக்கம் உடையவில்லை. அதே நாள், அதே கை, அதே பெட்டி. உடையாத பக்கத்தை அறுத்துப் பார்க்க வேண்டும் என்று காப்பீட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, தோன்றியிருந்தால் லாரியை அதற்கு முந்தின வாரமே வரச் சொல்லியிருப்பேன்.

“பாரு” என்றான்.

வெல்டிங்கின் அடிவேரில், மயிரிழை போல ஒரு விரிசல். பாதி ஆழத்துக்கு வந்திருந்தது. அவன் அதை ஆப்பு வைத்துப் பிளந்தான். உள்ளே இரும்பு வெள்ளையாக இல்லை. வைக்கோல் நிறமும் நீலமும் பாரித்திருந்தது. சூடாக இருக்கும்போதே பிளந்த இரும்புக்குத்தான் அந்த நிறம் வரும்.

“இது பள்ளத்துல வந்ததில்ல. பாதையில வந்ததும் இல்ல” என்றான். “இங்க வந்தது. நான் வெச்ச அன்னைக்கே வந்துருக்கு. ஏழு வாரம் அவன் இது மேல ஓட்டிருக்கான்.”

நான் கையிலிருந்த உதிரிபாகங்களைத் தரையில் வைத்தேன்.

“ஹாவர்த், அன்னைக்கு நுரைக்கல் காஞ்சுதானே இருந்துச்சு?”

அவன் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. கணக்கில் ஒவ்வொன்றாகக் கழிப்பவன் கேட்கும் கேள்வி அது. நான் என்ன சொன்னாலும் அதை அப்படியே எடுத்துக்கொண்டிருப்பான்.

“காஞ்சுதான் இருந்துச்சு” என்றேன்.

“அப்ப நான்தான் சூடு பத்தாம விட்டுட்டேன்.”

அந்த இரண்டு துண்டையும் பழைய கம்பளிச் சட்டையில் சுற்றிக்கொண்டு ரன்வெய்க் வீட்டுக்குப் புறப்பட்டான். நான் கூடப் போனேன். தடுக்கத்தான் போனேன், தடுக்கவில்லை. அவள் சமையலறை மேசைமேல் துண்டுகளை வைத்து, மெக்கானிக்கிடம் சொல்வது போல எல்லாவற்றையும் விளக்கினான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றே கேட்டாள்.

“அப்ப எய்விந்த் தூங்கலையா?”

“இல்ல. முட்டி விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒண்ணுதான். யார் ஓட்டியிருந்தாலும் விழுந்திருப்பான்.”

“வேகம்?”

“நடந்து போற வேகத்துல போயிருந்தாலும் அந்த வளைவுல அதுதான் கதி.”

அவள் நெடுநேரம் அந்த நீலத்தையே பார்த்தாள். அழவில்லை. பிறகு சொன்னாள்: “இதை என் சமையல்கட்டுல வந்து என் காதுல மட்டும் சொல்லிட்டுப் போனா எப்படி இல்லுகி? அவனை வெச்சுச் சிரிச்ச இடத்துல போய்ச் சொல்லு.”

“சொல்றேன்.”

“எனக்கு உன்மேல இரக்கம் வரும்னு எதிர்பார்க்காதே.”

“இல்ல. எதிர்பார்க்கல.”

அந்த வருடத் தோரி விருந்து பிப்ரவரி முதல் சனிக்கிழமை. கூடத்தில் இருநூறு பேர். நீளமான மேசைகளில் பொசுக்கிய ஆட்டுத்தலையும், புளிக்கவைத்த இறைச்சியும், மூக்கைத் துளைக்கும் சுறாத் துண்டும். நாடகம் முடிந்தது. அந்த வருடம் எய்விந்த்தைப் பற்றி ஒன்றும் போடவில்லை, போடாததைப் பெரிய மரியாதையாக நினைத்துக்கொண்டார்கள். பாடகர் குழு மேடையேறியது. பாட்டுக்கு முன்னால், கடைசி வரிசையில் நின்ற இல்லுகி முன்னுக்கு வந்தான். கையில் அந்தக் கம்பளிச் சட்டை.

“என்ன இல்லுகி, தனிப்பாட்டா?” என்று யாரோ கத்தினார்கள். சிரிப்பு எழுந்தது.

“எய்விந்த் தூங்கல” என்றான்.

சிரிப்பு நின்றது. அவனுக்குக் குரலை உயர்த்தத் தேவையில்லை. அடிக்குரல் கடைசி மேசைவரை போனது. கீறலைச் சொன்னான், விரிசலைச் சொன்னான், நிறத்தைச் சொன்னான். மீட்புக் குழுத் தலைவர் எழுந்து, “உட்காருப்பா, சாப்பிடுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு, அப்புறம் பேசிக்கலாம்” என்றார்.

“கடையில நின்னு பேசுனப்ப எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டா இருந்தீங்க?”

அவர் உட்கார்ந்தார்.

இல்லுகி இரண்டு துண்டையும் முதல் மேசையில் கொடுத்தான். “கைமாத்திப் பாருங்க” என்றான். இரும்பு ஆட்டுத்தலைகளுக்கு நடுவே கை மாறி மாறிப் போனது. இருநூறு பேரில் பாதிப் பேர் இரும்பு தெரிந்தவர்கள், டிராக்டரைத் தாங்களே பழுது பார்ப்பவர்கள். பார்த்ததும் புரிந்துகொண்டு அடுத்தவரிடம் தள்ளினார்கள். கதவோரம் ரன்வெய்க் கோட்டைக் கழற்றாமல் நின்றிருந்தாள்.

“பட்டறைக்காரன் மேல தப்பு இல்ல” என்றான் இல்லுகி. “அவன் கல்லைக் காயவெச்சுத்தான் குடுத்தான். தப்பு என் கை.”

அந்த நேரத்தில் துண்டு என் கைக்கு வந்திருந்தது. கனமாக, குளிர்ந்து இருந்தது. எழுந்து நிற்க அதைவிட நல்ல நேரம் ஒருவனுக்கு வாய்க்காது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, என் பட்டறையில் வேலை பார்த்த எட்டுப் பேரும் இருந்தார்கள், என் மனைவி பக்கத்தில் இருந்தாள். நான் அதை அடுத்தவரிடம் கொடுத்தேன்.

கடைசியில் ரன்வெய்க் இரண்டு துண்டையும் வாங்கிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனாள். அன்று முதல் எய்விந்த்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை தவறாகச் சொன்னதில்லை. எல்லாம் இல்லுகிமேல் திரும்பியது.

திட்டவில்லை. எங்கள் ஆட்கள் திட்ட மாட்டார்கள். கடையில் அவனுக்கு வழிவிட்டு நின்றார்கள், தேவைக்கு அதிகமாகவே. மேலிடத்திலிருந்து ஒரு விசாரணை வந்து, கண்டிப்புக் கடிதம் ஒன்றோடு முடிந்தது. இல்லுகி அத்தோடு வெல்டிங்கை விட்டான். ஆனால் விடும் முன் ஒரு வேலை செய்தான். தான் வெட்டித் திருப்பிய மற்ற நாற்பது ஆக்சிலையும் தேடிப் போனான். பாதிப் பேர் இவன் தொடவே கூடாது என்றார்கள். கெஞ்சினான். நகரத்துக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெல்டிங்கின் வேர்வரை சோதித்தான். இரண்டு வருடம் ஆயிற்று.

நாற்பதிலும் ஒரு விரிசல் இல்லை.

வேறொருவனுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அவனுக்கு அதுதான் நரகம். நாற்பது நல்லதாக இருக்கும்போது அந்த ஒன்று ஏன்? பதினேழு வருடம் அந்த ஒரு கேள்வியோடு இருந்தான். இலையுதிர்காலத்தில் ஆடு அறுக்கும் கொட்டகையில் கழிவு தள்ளினான். மிச்ச நாளில், தன் வீட்டுக் கொட்டகையில் பழைய குழாய்த் துண்டுகளை வாங்கி வந்து சூட்டைக் குறைத்து, கூட்டி, கம்பியை மாற்றி, காற்றில் ஆறவைத்து வெல்டிங் வைத்து அறுத்து அறுத்துப் பார்த்தான். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். அறுத்த துண்டுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பால் எழுதிய குறிப்போடு. அந்த நிறம் மட்டும் வரவே இல்லை. ஈரக் கல்லில் புதைத்து ஒரு தடவை பார்த்திருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும். அதை அவன் பார்க்கவில்லை. காய்ந்துதான் இருந்தது என்று நான் சொல்லியிருந்தேன்.

இதற்கிடையில் என் பட்டறை வளர்ந்தது. பன்னிரண்டு பேர், இரண்டு கிளை. மாவட்ட வணிகர் சங்கம் எனக்குப் பட்டயம் கொடுத்தது. அதைச் சுவரில் மாட்டியிருக்கிறேன்.

போன குளிர்காலம் அவனுக்கு நுரையீரலில் புற்று வந்தது. மருத்துவமனைக்கு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சொல்லத்தான் போனேன். முதல் தடவை காற்றைப் பற்றிப் பேசினோம். இரண்டாவது தடவை ஆட்டு விலையைப் பற்றி. மூன்றாவது தடவை அவனுக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்குச் சூடு எவ்வளவு வெச்சோம், உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றான்.

“தண்ணிச் சொட்டு உருண்டுச்சு” என்றேன்.

“அப்ப சூடு சரிதானே” என்றான். “பின்ன ஏன்?”

செவிலி உள்ளே வந்தாள். நான் எழுந்துவிட்டேன். நாலு நாள் கழித்து இறந்தான்.

இதை எழுதி முடித்ததும் முதலில் ரன்வெய்க்கிடம் கொண்டுபோனேன். அவளுக்கு எழுபத்தொரு வயதாகிறது, கண் நன்றாகத்தான் இருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து முழுவதையும் தானே படித்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். படித்து முடித்துத் தாள்களை அடுக்கினாள்.

“இல்லுகிக்கு இது தெரியாமலே போச்சா?”

“தெரியாது.”

“பதினேழு வருஷம்” என்றாள்.

நான் கடைசிப் பக்கத்தில், ‘எய்விந்த்தின் உயிர் போனது என் தவறாலும் இல்லுகியின் தவறாலும்’ என்று எழுதியிருந்தேன். ஒரே ஆக்சிலில் வேலை செய்தவர்கள், ஆளுக்குப் பாதி என்று அப்போது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அவள் மேசையிலிருந்து பென்சிலை எடுத்து இல்லுகியின் பெயரை அடித்தாள். தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, இரண்டு தடவை. பிறகு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

அவள் அடித்தபடியே மலருக்குக் கொடுத்திருக்கிறேன். எய்விந்த்தின் உயிர் போனது என் தவறால்.